கவிதை எழுதுகிறவர் என்ன ஆகிறார்?

1942 மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் அர்கன்சாஸ் மாநிலத்தில் மெக்னீல் என்றொரு சின்ன ஊர். வெளியிலிருந்து வந்த மூன்று இளைஞர்கள் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் வாட்டர் கலரில் படம் வரைந்துகொண்டிருந்தார். இன்னொருவர் கவிதை எழுதிக்கொண்டிருந்தார்.

அது இரண்டாம் உலகப் போர்க் காலம். இந்த மூவரும் துப்பாக்கி எடுக்க மாட்டோம் என்று அரசாங்கத்திடம் சொல்லிவிட்டு, அதற்கு ஈடாக மக்னோலியா முகாமில் மண் பாதுகாப்பு வேலை செய்தவர்கள். விஷயம் தெரிந்ததும் கூட்டம் கூடிவிட்டது. படம் வரைந்தவர், எதிரிக்கு வரைபடம் எடுக்கும் உளவாளி ஆனார். கவிதைத் தாளைப் பிடுங்கிப் படித்தார்கள். அடிகளின் கடைசியில் ஓசை ஒத்துவரவில்லை. ஓசை ஒத்துவராதது எப்படிக் கவிதையாகும் என்று சந்தேகம் இன்னும் வலுத்தது. தூக்கில் போட்டுவிடலாம் என்றுகூடப் பேச்சு எழுந்தது. நல்லவேளையாகப் போலீஸ் வந்து மூவரையும் முகாமில் கொண்டுபோய்ச் சேர்த்தது.

மூவரில் ஒருவர் வில்லியம் ஸ்டாஃபோர்ட். கன்சாஸ்காரர், அப்போது 28 வயது. முகாமில் மாதத்துக்கு இரண்டரை டாலர் படி. பகலெல்லாம் மண் வேலை, சில சமயம் காட்டுத் தீயை அணைக்கும் வேலை. பொழுது சாய்ந்தால் பேனா பிடிக்க உடம்பில் தெம்பிருக்காது. அதனால் மற்றவர்கள் எழுவதற்கு முன்பே எழுந்து எழுதத் தொடங்கினார். போர் முடிந்தது, முகாம் கலைந்தது, கல்லூரி வாத்தியார் வேலை வந்தது, பிள்ளைகள் பிறந்தார்கள். விடியற்கால எழுத்து மட்டும் நிற்கவில்லை. 1993 ஆகஸ்ட் 28 அன்று காலையிலும் ஒரு கவிதை எழுதினார். அன்றைக்கே இறந்துபோனார்.

அரை நூற்றாண்டு. சுமார் 20,000 பக்கங்கள்.

தேதிக்குக் கீழே

இத்தனை ஆண்டுகள் எழுதியதற்கு என்ன கிடைத்தது என்று கணக்குப் பார்த்தால், ஸ்டாஃபோர்டின் முதல் கவிதைத் தொகுப்பு வரும்போது அவருக்கு 46 வயது. 1963இல் அமெரிக்காவின் தேசிய புத்தக விருது கிடைத்தது. அதற்கு முன்னால் இருபது வருடம் பெரிதாக யாரும் கண்டுகொள்ளாமலே எழுதியிருக்கிறார். புகழுக்காக எழுதுகிற ஆள் இவ்வளவு நாள் தாக்குப்பிடிக்க மாட்டார்.

அவருடைய முறை மிக எளிது. சோபாவில் சாய்ந்தபடி வெற்றுத்தாளை எடுப்பார். முதலில் தேதி. அதன் கீழே முந்தின நாள் நடந்த ஏதாவது ஒரு சாதாரணச் செய்தி. பிறகு மனத்தில் ஓடும் ஓர் எண்ணம். அதற்கும் கீழேதான் கவிதை. தேதி எழுதத் தெரிந்த எவரும் முதல் படியைத் தாண்டிவிடலாம். எழுத வரவில்லை என்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டவர்களுக்கு, தரத்தைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டு மேலே எழுதுவேன் என்பது அவர் பதில். சொன்னபடியே இருந்தார். அந்த 20,000 பக்கங்களில் அச்சேறாமல் கிடந்தவையே அதிகம்.

கவிதை எழுதும் பழக்கம் ஒருவரை வளர்க்குமா என்று கேட்டால், பலரும் மனப்பாரம் இறங்கும், தன்னம்பிக்கை கூடும் என்பார்கள். அது பாதிக் கதை. பல ஆண்டுகள் விடாமல் எழுதியவர்களின் வாழ்க்கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இன்னொன்று தெரிகிறது. அவர்கள் எழுத எழுத, தங்கள் கஷ்டத்தைத் தாங்கள் மட்டுமே பார்த்த நிலை மாறுகிறது. எதிர்வீட்டுக்காரர், மகன், செத்துப்போன அம்மா, ஜன்னலுக்கு வெளியே நிற்கும் மரம் என்று பார்க்கிற இடங்கள் கூடுகின்றன.

நூறு தபால் அட்டைகள்

டெட் கூசர் நெப்ராஸ்கா மாநிலத்துக்காரர். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்து, துணைத்தலைவர் பதவி வரைக்கும் போனவர். வேலைக்குக் கிளம்பும் முன் அதிகாலையில் கவிதை எழுதுவது அவர் வழக்கம். 1998இல் புற்றுநோய் வந்தது. அறுவைச் சிகிச்சையும் கதிர்வீச்சும் முடிந்தபோது, படிக்கவும் எழுதவும் இருந்த பிடிப்பே விட்டுப்போயிருந்தது. தோல் வெயிலைத் தாங்காது, கொஞ்ச காலம் வெயிலில் தலைகாட்டாதீர்கள் என்று எச்சரிக்கப்பட்டதால், விடிவதற்கு முன்பே கிராமத்துச் சாலையில் நடக்கத் தொடங்கினார்.

நவம்பர் மாதத்தில் ஒருநாள், நடந்துவிட்டு வந்ததும் ஒரு சின்னக் கவிதை எழுதினார். மறுநாளும் எழுதினார். அவற்றைத் தபால் அட்டைகளில் ஒட்டி, எழுத்தாளர் நண்பர் ஜிம் ஹாரிசனுக்கு அனுப்பினார். குளிர்காலம் போய் வசந்தம் வருவதற்குள் நூறு அட்டைகள் சேர்ந்தன. பின்னால் அவையே புத்தகமாயின. ஒவ்வொரு கவிதைக்கும் மேலே தேதி இருக்கும். அன்றைய வானிலை ஒரு வரியில் இருக்கும். நோயைப் பற்றிய பேச்சு அபூர்வம். பனி, வேலி, பறவை, வைக்கோல் என்று வழியில் கண்டவைதான் கவிதை முழுக்க.

நோயாளி எழுதிய புத்தகத்தில் நோய் ஏன் இவ்வளவு குறைவு? ஒரு காரணம் அட்டையின் அளவு. புலம்ப அதில் இடமில்லை. இன்னொன்று, வாசிக்கப்போகிறவர் யாரென்று தெரியும். நண்பனுக்குத் தினமும் எதையாவது அனுப்ப வேண்டுமென்றால், நடக்கும்போதே எதையாவது கவனித்துக்கொண்டு வரத்தான் வேண்டும். 2004இல் கூசர் அமெரிக்காவின் அரசவைக் கவிஞரானார். 2005இல் புலிட்சர் பரிசு பெற்றார்.

ஜப்பானின் ஷிபாதா டோயோவின் கதை இதைவிட வேடிக்கையானது. 1911இல் பிறந்தவர். வயதான காலத்தில் பாரம்பரிய நடனம் ஆடுவதைப் பொழுதுபோக்காக வைத்திருந்தார். இடுப்புவலி வந்து ஆட முடியாமல் போனபோது, கவிதை எழுதிப் பாரேன் என்று மகன் சொன்னார். அப்போது டோயோவுக்கு 92 வயது! உத்சுனோமியா நகரில் தனியாகக் குடியிருந்தபடி எழுதி அனுப்பிய கவிதைகள் சங்கேய் நாளிதழின் கவிதைப் பகுதியில் வரத் தொடங்கின. தன் இறுதிச் சடங்குக்கென்று சேர்த்துவைத்திருந்த பணத்தைக் கொண்டு 2009இல் சொந்தமாகப் புத்தகம் போட்டார். மறு வருடம் ஒரு பதிப்பகம் அதை வாங்கி வெளியிட, 15 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. 101ஆவது வயதில், 2013 ஜனவரியில் காலமானார்.

டோயோவின் கவிதைகளில் முதுமை உண்டு, தனிமை உண்டு. ஆனால் பெரும்பாலும் அவர் யாரிடமாவது பேசிக்கொண்டே இருக்கிறார். மகனிடம், மறைந்த அம்மாவிடம், காற்றிடம், வெயிலிடம்.

துவரங்குறிச்சியிலிருந்து டெல்லிக்கு

நேரமும் இடமும் இல்லாதவர்களைக் கவிதை கைவிடுவதில்லை. எல்லாக் கலைகளிலும் செலவு குறைந்தது கவிதைதான், இரண்டு ஷிஃப்டுகளுக்கு நடுவிலும் ரயிலிலும் துண்டுத் தாளில் எழுதிவிடலாம் என்று அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் ஆட்ரி லார்ட் 1980இல் சுட்டிக்காட்டினார். சீனாவின் ஹூபெய் மாகாணத்துக் கிராமத்தில் வாழும் யூ சியூஹுவாவுக்குப் பிறவியிலேயே மூளை வாதம். ஒவ்வோர் எழுத்தையும் கையை அடக்கிப் பிடித்துத்தான் எழுத வேண்டும். சொற்கள் குறைவாகத் தேவைப்படும் வடிவம் என்பதாலேயே கவிதையைத் தேர்ந்ததாகச் சொன்னவர் அவர். 1998 முதல் எழுதிவந்த அவரை 2014ஆம் ஆண்டின் கடைசியில் இணையம் சீனா முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

தமிழில் இதற்குச் சல்மாவைவிட அழுத்தமான உதாரணம் இல்லை. திருச்சி மாவட்டம் துவரங்குறிச்சியில் 1968இல் பிறந்தவர். வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடம் நின்றுபோனது. ஊர் நூலகத்துப் புத்தகங்கள் மட்டும் வீட்டுக்குள் வந்தன. கல்யாணத்துக்குப் பிறகு எழுதுவதற்கு வீட்டில் பலத்த எதிர்ப்பு. இரவில் எல்லோரும் தூங்கிய பின் கழிவறைக்குள் போய் எழுதினார். ஒளித்துவைத்த தாள்கள் அம்மா வழியாக வெளியே போய்ப் பத்திரிகைகளைச் சேர்ந்தன. எழுதுவது யாரென்று ஊருக்குத் தெரியாமலிருக்கச் சல்மா என்ற புனைபெயர் காவல் நின்றது.

2000இல் 'ஒரு மாலையும் இன்னொரு மாலையும்' தொகுப்பு வந்தது. 2001 உள்ளாட்சித் தேர்தலில் பொன்னம்பட்டி பேரூராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட, அவர் போட்டியிட்டு வென்றார். அதற்குப் பிறகுதான் அவருடைய முகம் ஊருக்கும் வெளியுலகுக்கும் தெரிந்தது. 2004இல் வந்த 'இரண்டாம் ஜாமங்களின் கதை' நாவலில் ஒரு பெண் மட்டும் இல்லை, ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். கவிதையில் தன் அறையைச் சொன்னவர், நாவலில் அடுத்த வீடுகளின் அறைகளுக்குள்ளும் நுழைந்தார். 2013இல் கிம் லாங்கினாட்டோ அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படம் பல நாடுகளில் திரையிடப்பட்டது. 2025இல் மாநிலங்களவை உறுப்பினரானார்.

கவிதை எழுதியதால்தான் தேர்தலில் ஜெயித்தார் என்று சொன்னால் அது மிகை. ஆனால் பத்து வருடத்துக்கு மேல் யாருக்கும் தெரியாமல் சொல்லைச் சொல்லாக நிறுத்துப் பழகியவருக்கு, சபையில் எழுந்து பேச வேண்டிய நாள் வந்தபோது பேச்சு கைவசம் இருந்தது.

ஆய்வு என்ன சொல்கிறது?

எழுதினால் உடம்புக்கும் மனசுக்கும் நல்லதா என்பதை முதன்முதலில் சோதனைக்கு உட்படுத்தியவர்களில் முக்கியமானவர் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர். 1986இல் அவரும் சாண்ட்ரா பீல் என்பவரும் வெளியிட்ட ஆய்வில் 46 மாணவர்கள் கலந்துகொண்டார்கள். நான்கு நாள், நாளொன்றுக்கு 15 நிமிடம் எழுத வேண்டும். ஒரு பிரிவினர் சாதாரண விஷயங்களை எழுதினார்கள். மற்றவர்கள் தங்களை உலுக்கிய சம்பவத்தை எழுதினார்கள். நடந்ததையும் அப்போது உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த ஆறு மாதங்களில் டாக்டரிடம் போனது குறைவு. ஆனால் எழுதி முடித்த கையோடு அவர்களுக்கு நிம்மதி வந்துவிடவில்லை. அந்த நேரத்துக்கு மனம் இன்னும் கனத்துத்தான் போனது.

பிற்பாடு இதே வழியில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகள் வந்தன. 2006இல் 146 ஆய்வுகளைச் சேர்த்து அலசியபோது, பலன் உண்டு, ஆனால் சராசரியில் அது சிறியது என்ற முடிவே கிடைத்தது. எழுதினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்பவர்கள் இந்த முடிவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

யாருக்குப் பலன் அதிகம் என்பதுதான் சுவாரசியமான கேள்வி. 2003இல் ஷெர்லாக் கேம்ப்பெல்லும் பென்னபேக்கரும் பழைய ஆய்வுகளின் எழுத்துத் தாள்களைக் கம்ப்யூட்டரில் கொடுத்து அலசினார்கள். எவ்வளவு சோகமாக எழுதினார்கள் என்பது பெரிய வித்தியாசம் காட்டவில்லை. 'நான்', 'நாங்கள்', 'அவள்', 'அவர்கள்' போன்ற சொற்களின் விகிதம் நாளுக்கு நாள் மாறியவர்களுக்கே உடல்நலத்தில் அதிக முன்னேற்றம். இன்று தன் பக்கத்திலிருந்து சொன்ன சண்டையை நாளை அண்ணன் பக்கத்திலிருந்து சொன்னவர் தேறினார். நான்கு நாளும் ஒரே இடத்தில் நின்று ஒரே புகாரை எழுதியவருக்கு அந்த அளவுக்குப் பலனில்லை.

ஆன் செக்ஸ்டன் எழுதிய பதினேழு ஆண்டுகள்

கவிஞர்களையே எடுத்துக்கொண்டு 2001இல் இன்னோர் ஆய்வு நடந்தது. தற்கொலை செய்துகொண்ட ஒன்பது கவிஞர்கள், அப்படி இறக்காத ஒன்பது கவிஞர்கள், மொத்தம் சுமார் 300 கவிதைகள். சோகச் சொற்களின் அளவில் இரு தரப்புக்கும் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. தற்கொலை செய்துகொண்டவர்களின் கவிதைகளில் 'நான்', 'என்' என்பவை அதிகமாக இருந்தன.

அந்த ஒன்பது பேரில் ஒருவர் ஆன் செக்ஸ்டன். பாஸ்டன் புறநகரில் இரண்டு சின்னக் குழந்தைகளோடு இருந்த இல்லத்தரசி. கடுமையான மனநோய்க்குச் சிகிச்சை பெற்றபோது, எழுதிப் பாருங்கள் என்று மனநல மருத்துவர் மார்ட்டின் ஓர்ன் ஊக்கப்படுத்தினார். செக்ஸ்டன் விறுவிறுவென்று எழுதத் தொடங்கினார். 1957இல் பெரியவர்களுக்கான மாலை நேரக் கவிதை வகுப்பில் சேர்ந்தார். 1960இல் முதல் புத்தகம், 1967இல் புலிட்சர் பரிசு. கல்லூரிப் பட்டம் இல்லாதவர் பல்கலைக்கழகத்தில் கவிதை சொல்லிக்கொடுக்கும் இடத்துக்கு வந்தார். இத்தனைக்குப் பிறகும் 1974இல், 45ஆவது வயதில், தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

கவிதை அவருக்கு வேலை தந்தது, தோழிகளைத் தந்தது, வகுப்பறை தந்தது. நோயைக் குணமாக்கவில்லை. அதைக் குணமாக்குவது கவிதையின் பொறுப்பும் இல்லை. 'நான்' அதிகம் வந்தால் ஆபத்து என்று யாரும் தங்கள் நோட்டை எண்ணிப் பார்த்துப் பயப்பட வேண்டியதும் இல்லை. பதினெட்டுக் கவிஞர்களின் சராசரியை வைத்து ஒரு தனி மனிதருக்கு ஜோசியம் சொல்ல முடியாது. தூக்கமே வராமல், வாழ்வதே பாரமாகத் தோன்றும் நாட்களில் நோட்டுப் புத்தகத்தோடு மட்டும் இருந்துவிடாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரசின் 'டெலி மானஸ்' உதவி எண் 14416இல் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

தோழி பேசுகிறாள்

ஆய்வாளர்கள் கம்ப்யூட்டர் வைத்துக் கண்டுபிடித்த, ஒன்றையே வேறு ஆளின் பக்கத்திலிருந்து சொல்லும் இந்த இடமாற்றம் தமிழ்க் கவிதைக்குப் பழைய பாடம். சங்க அகப்பாடலில் புலவர் தன் காதலைத் தன் பெயரில் சொல்ல முடியாது. காதலர் யாருடைய பெயரும் பாட்டில் வரக்கூடாது என்பது விதி. தலைவியாக, தோழியாக, செவிலித் தாயாக, வழியில் பார்த்தவர்களாகத்தான் பேச வேண்டும். ஒரே பிரிவைத் தலைவி சொன்னால் ஒரு பாட்டு, தோழி சொன்னால் வேறு பாட்டு, பெற்றவள் சொன்னால் முற்றிலும் வேறு பாட்டு.

கபிலரின் குறிஞ்சிப்பாட்டு இதற்கு நல்ல சாட்சி. 261 அடிகளும் தோழியின் பேச்சு. தலைவியின் மெலிவுக்குக் காரணம் புரியாமல் தவிக்கும் செவிலியிடம் நடந்ததை அவள் எடுத்துச் சொல்கிறாள். ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழின் சுவையைக் காட்டக் கபிலர் இதைப் பாடினார் என்பது மரபு. வேற்று மொழிக்காரனுக்குப் பாடம் நடத்த உட்கார்ந்த ஆண் புலவர், ஓர் இளம்பெண்ணின் தோழியாக மாறி, இன்னொரு பெண்ணைச் சமாதானம் செய்யும் வேலையை எடுத்துக்கொண்டிருக்கிறார். பாரதியும் இதைச் செய்தார். 1917இல் அச்சான கண்ணன் பாட்டில் கண்ணன் தோழன், தாய், தந்தை, சேவகன், சீடன், குரு, குழந்தை, காதலன் என்று மாறிக்கொண்டே போகிறான். அவன் மாற மாற, எதிரே நிற்கும் பாரதியும் மாறியாக வேண்டியிருக்கிறது.

தொடங்குபவர்களுக்கு

மேலே சொன்னவர்களிடமிருந்து ஒரு நடைமுறையைத் தொகுத்துக்கொள்ளலாம். தினமும் ஒரே நேரம், பதினைந்து நிமிடம் போதும். தேதி எழுதிவிட்டு, அன்று கண்ணால் கண்ட ஒன்றைக் குறிக்க வேண்டும். 'மனசு சரியில்லை' என்று எழுதுவதைவிட 'பஸ் ஸ்டாண்டில் பூக்காரம்மா மீந்த முழத்தைத் தன் தலையிலேயே வைத்துக்கொண்டாள்' என்று எழுதினால் மறுநாள் அதிலிருந்து பிடித்துக்கொண்டு போக முடியும். வாரத்தில் ஒருநாள், முன்பு எழுதிய கவிதை ஒன்றை எடுத்து அதையே வேறு ஆளின் வாயால் சொல்லிப் பார்க்கலாம். அப்பாவோடு போட்ட சண்டையை அப்பா சொல்லட்டும், அல்லது நடுவில் நின்று பார்த்த தங்கை சொல்லட்டும். எழுதிய சூட்டோடு ஸ்டேட்டஸில் போடாமல் ஒரு மாதம் கிடப்பில் வைத்தால், எதை வெட்ட வேண்டும் என்பது தானாகத் தெரியும். கூசரைப் போல ஒரே ஒரு வாசகரை வைத்துக்கொள்வதும் நல்லது. பாராட்டுவதற்காக அல்ல, அடுத்தது எங்கே என்று கேட்பதற்காக.

பெயரில்லாத தாள்

தனியாக எழுதுவது பிடிக்காதவர்களுக்கு ஜப்பானியர்கள் 'குகாய்' என்ற ஹைக்கூ கூடுகையை வைத்திருக்கிறார்கள். நவீன ஹைக்கூவுக்கு வழிவகுத்த மசஓகா ஷிகி முதுகெலும்புக் காசநோயால் பல ஆண்டுகள் படுத்த படுக்கையாக இருந்து 1902இல், 34 வயதில் இறந்தவர். டோக்கியோவின் நெகிஷி பகுதியில் இருந்த அவர் வீட்டிலேயே இந்தக் கூடுகைகள் நடந்தன. 1896 ஜனவரியில் அங்கே உட்கார்ந்து கவிதை எழுதியவர்களில் நாவலாசிரியர்கள் நத்சுமே சோசெகியும் மோரி ஓகாயும் இருந்தார்கள். தமிழுக்கு ஹைக்கூவை அறிமுகம் செய்து பாரதி சுதேசமித்திரனில் கட்டுரை எழுதியது அதற்கு இருபது வருடம் கழித்து, 1916 அக்டோபரில். கவிதை வடிவம் அன்றே வந்துவிட்டது, கூடுகை முறை அதனோடு வரவில்லை.

குகாயில் ஒவ்வொருவரும் கவிதைகளைச் சிறு காகிதத் துண்டுகளில் பெயர் போடாமல் எழுதி நடுவில் வைப்பார்கள். துண்டுகளைக் கலைத்துப் பிரித்துக் கொடுப்பார்கள். தனக்கு வந்தவற்றை ஒவ்வொருவரும் தன் கையெழுத்தில் ஒரு தாளில் படியெடுப்பார்கள். அந்தத் தாள்கள் கை மாறி எல்லோரையும் சுற்றி வரும். தன்னுடையதை விட்டுவிட்டு, பிடித்த சிலவற்றை ஒவ்வொருவரும் தேர்ந்தெடுப்பார்கள். தேர்வானவை உரக்க வாசிக்கப்படும்போதுதான் எழுதியவர் தன் பெயரைச் சொல்வார். அதுவரைக்கும் தன் கவிதையை மற்றவர்கள் புகழ்வதையும் குறை சொல்வதையும் யாரோ எழுதியதைக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். யாருமே தேர்ந்தெடுக்காத கவிதைக்குக் கடைசிவரை பெயர் வராது.

நம் ஊர்க் கவியரங்கில் தலைவர் முதலில் அறிவிப்பது கவிஞரின் பெயர், பட்டம், வாங்கிய விருதுகள். கவிதை அதற்குப் பிறகுதான். அதை அப்படியே வைத்துக்கொண்டு, இதையும் ஒருமுறை செய்து பார்க்கலாம். ஐந்தாறு பேர், ஊர் நூலகத்தில் ஒரு மேசை, ஒரே அளவில் கிழித்த காகிதம், ஒரே நிறத்தில் பேனா, இரண்டு மணி நேரம். ஒருவர் எழுதியதை இன்னொருவர் படியெடுக்கும் அந்தக் கட்டத்தை மட்டும் நேரமில்லையென்று விட்டுவிடக் கூடாது. சின்ன ஊரில் எல்லோருக்கும் எல்லோருடைய கையெழுத்தும் தெரியும்.